ஆடியில் வந்த பணம் ஐப்பசியில் திரும்பிப் போனது

2022 ஆடி மாதம். கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் விளக்குக் கடையின் இணையதளத்தில் ஒரு ஆர்டர் விழுந்தது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, மூன்றடி உயரம், ஒரு ஜோடி. அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். கூரியர் செலவோடு சேர்த்து 62,350 ரூபாய், கிரெடிட் கார்டில் கட்டியாகிவிட்டது. இணையதளம் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர் அதுதான்.

எங்களுக்கு விளக்கு வார்த்துத் தரும் பத்தர் காவிரி வண்டலில் அச்சு எடுத்து வார்த்து, கடைந்து, பத்து நாளில் இரண்டு விளக்கையும் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு அன்றைக்கே கூலி கொடுத்துவிட்டோம். நானும் அப்பாவும் உட்கார்ந்து மரையைக் கழற்றி, அடி, தண்டு, தட்டு, அன்னம் என்று தனித்தனியாகப் பிரித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கினோம். அன்னத்தின் கழுத்துதான் எப்போதும் பயம். அதற்கு மட்டும் அப்பா தனியாகத் தேங்காய் நார் வைத்தார். இரண்டு விளக்கும் சேர்ந்து 24 கிலோ. ஒரு வாரத்தில் பெட்டி போய்ச் சேர்ந்தது, வாங்கியவர் கையெழுத்தும் கூரியர் பக்கத்தில் தெரிந்தது. அந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

ஐப்பசியில், தீபாவளி முடிந்த அடுத்த வாரம், பேமெண்ட் கேட்வே நிறுவனத்திடமிருந்து, அதாவது இணையதளத்தில் வரும் கார்டுப் பணத்தை வாங்கி எங்கள் கணக்கில் சேர்க்கிற நிறுவனத்திடமிருந்து, ஒரு மின்னஞ்சல். அந்தக் கார்டுக்குச் சொந்தக்காரர் 'இந்தப் பணத்தை நான் கட்டவில்லை' என்று தன் வங்கியில் சொல்லிவிட்டார், 62,350 ரூபாயைப் பிடித்து வைத்திருக்கிறோம், 7 நாளுக்குள் ஆவணம் அனுப்புங்கள் என்று இருந்தது. மறுநாள் எங்கள் கணக்கில் வர வேண்டிய விற்பனைப் பணம் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. புதிதாக வரும் விற்பனையிலிருந்து கழித்துக்கொண்டே போனார்கள். அந்த வருடம் டிசம்பர் 6 கார்த்திகை தீபம். அகல், தூக்கு விளக்கு, காமாட்சி விளக்கு எல்லாம் முன்பணம் கொடுத்து வாங்கிக் குவிக்க வேண்டிய நேரம். அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "நம்ம பொருளும் போச்சு, பணமும் போச்சுன்னா, அப்போ அந்தத் திருட்டுக்கு நாமளா பொறுப்பு?"

ஆமாம், நாம்தான் பொறுப்பு. இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது. கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இதற்குப் பெயர் சார்ஜ்பேக். வாடிக்கையாளர் தன் வங்கியிடம் முறையிடுவார். அந்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு விதிப்படி, பணத்தை நம் பக்கத்து வங்கியிடம், அதாவது நமக்காகக் கார்டுப் பணத்தை வசூலிக்கும் வங்கியிடம், திரும்பக் கேட்கும். நம் பக்கத்து வங்கி கேட்வேயிடம் கேட்கும், கேட்வே நம்மிடம் எடுத்துக்கொள்ளும். இந்தச் சங்கிலியில் நமக்குக் கீழே யாரும் கிடையாது. கணக்குத் தொடங்கும்போது 'ஏற்கிறேன்' என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டோமே, அந்த ஒப்பந்தத்தில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. நான் படிக்காமல் போட்டேன். அப்புறம் அச்செடுத்து உட்கார்ந்து படித்தேன். சார்ஜ்பேக் வந்தால் பிடித்தம் செய்யும் உரிமை, அதற்குத் தனிக் கட்டணம், முதலில் எடுத்த கமிஷன் திரும்ப வராது என்ற விதி, எல்லாம் அதில் இருந்தது. வெளிநாட்டுக் கார்டுக்கு எங்களிடம் 3 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுத்தார்கள். இந்த ஆர்டரில் அதுவே 2,200 ரூபாய்க்கு மேல். அதுவும் திரும்பவில்லை.

இன்னொரு விஷயம் கால அளவு. பெரும்பாலான வகைத் தகராறுகளுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. பொருள் வரவில்லை என்ற புகாராக இருந்தால், பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்துகூட அந்தக் கணக்கு ஆரம்பிக்கலாம். அதாவது மறுநாளே செட்டில்மெண்ட் (விற்ற பணம் நம் கணக்கில் சேர்வது) வந்துவிட்டாலும், நான்கு மாதம் வரை அந்தப் பணம் முழுசாக நம் பணம் இல்லை.

சரி, 7 நாளில் நான் என்ன அனுப்பினேன்? பில், பேக்கிங் செய்தபோது எடுத்த படம், ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில், கூரியர் கொடுத்த கையெழுத்து, டிராக்கிங் விவரம் என்று 14 பக்கம். எல்லாம் உண்மை, எல்லாம் சரியான ஆவணம். ஆனாலும் தோற்றேன்.

காரணம் எளிமையானது. அவர்கள் கேட்ட கேள்வி 'பொருள் போய்ச் சேர்ந்ததா' என்பது அல்ல. 'இந்தக் கார்டுக்காரர்தான் வாங்கினார் என்பதற்கு என்ன சாட்சி' என்பதுதான். பொருள் ஒரு முகவரிக்குப் போனது என்று நான் 14 பக்கத்தில் நிரூபித்தேன். ஆனால் அந்த முகவரி கார்டுக்காரர் முகவரி இல்லை. திருடன் சொன்ன இடத்துக்கு ஒழுங்காக அனுப்பிவைத்தேன் என்றுதான் என் ஆவணம் சொன்னது.

சார்ஜ்பேக் வரும்போது அதோடு ஒரு காரண எண் வரும். விசாவில் 10.4 என்றால் நேரில் கார்டைக் காட்டாமல் நடந்த மோசடி. 13.1 என்றால் பொருள் வரவில்லை. 13.3 என்றால் சொன்னபடி பொருள் இல்லை, அல்லது பழுது. மாஸ்டர்கார்டில் 4837 மோசடி, 4853 வாடிக்கையாளர் தகராறு. எனக்கு வந்தது 10.4. நான் பதில் எழுதியது 13.1-க்கு. தேர்வில் ஒரு கேள்விக்கு வேறு பதில் எழுதினால் எவ்வளவு அழகான கையெழுத்தானாலும் மார்க் கிடையாது.

இந்தியக் கார்டில் இந்தப் பிரச்சினை ஏன் குறைவு என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஆன்லைனில் கார்டு பயன்படுத்தினால் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்தே கட்டாயமாக்கியிருக்கிறது. நாம் தினமும் போடும் ஓடிபி அதுதான். அந்தச் சரிபார்ப்பு நடந்துவிட்டால், 'நான் வாங்கவில்லை' என்ற வகைப் புகாரின் பொறுப்பு பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்விடும். அமெரிக்கக் கார்டில் அந்தக் கட்டாயம் இல்லை. எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், இவ்வளவு போதும், பணம் வந்துவிடும். ஓடிபி கேட்காமல் பணம் வந்தால் வாடிக்கையாளருக்கு வசதி. பொறுப்பு மட்டும் நம்மிடம் நின்றுவிடுகிறது. அங்கே கிரெடிட் கார்டை வேறொருவர் திருடிப் பயன்படுத்தினால் கார்டுக்காரர் மேல் சட்டப்படி அதிகபட்சம் 50 டாலர்தான் பொறுப்பு. அவரைப் பாதுகாப்பது சரியான சட்டம், அதில் எனக்குக் குறையில்லை. நம் ஊரிலும் வெளியாள் செய்த மோசடியை 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சொல்லியிருக்கிறது. கடைக்காரருக்கு அப்படி ஒரு குடை இல்லை என்பதைத்தான் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மேல்முறையீடு உண்டா என்று கேட்டேன். உண்டு. ஆனால் கடைசிக் கட்டமான ஆர்பிட்ரேஷன், அதாவது கார்டு நிறுவனமே தீர்ப்புச் சொல்லும் கட்டம் வரை போய்த் தோற்றால் பல நூறு டாலர் கட்டணமும் நம் தலையில் விழும். 62,350 ரூபாய்க்கு அது கட்டுப்படியாகாது, அதோடு என்னிடம் புதிய சாட்சியும் இல்லை. விட்டுவிட்டேன். சைபர் குற்றப் புகார் கொடுத்தேன், ஒப்புதல் எண் வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன். பணம் வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆர்டரை முதலிலிருந்து பிரித்துப் பார்த்தேன். கேட்வே கணக்கில் அந்த நாளின் பக்கத்தைத் திறந்தால், வெற்றியான பணத்துக்கு ஆறு நிமிடம் முன்னால் இரண்டு தோல்விகள். மூன்றுக்கும் ஒரே மின்னஞ்சல், மூன்றும் வேறு வேறு கார்டு. அது அன்றைக்கே என் கண் முன்னால்தான் இருந்தது, தோல்வியான பட்டியலை நான் திறந்தே பார்த்ததில்லை. கார்டுக்காரர் பெயரும் மின்னஞ்சலில் இருந்த பெயரும் வேறு. பில் முகவரி ஒரு மாநிலம், அனுப்ப வேண்டிய முகவரி இன்னொரு மாநிலம். அந்த முகவரியை வரைபடத்தில் தேடித் தெருப் படத்தைப் பார்த்தேன். வீடே இல்லை. நீளமாக ஒரு கட்டடம், வரிசையாக ஷட்டர், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். பெட்டிகளை வாங்கி வேறு நாட்டுக்கு மாற்றி அனுப்பும் கிடங்கு. எங்கள் விளக்கு அங்கிருந்து எங்கே போனதோ.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. குத்துவிளக்கு வாங்குகிறவர்கள் பேசாமல் வாங்க மாட்டார்கள். மேலே அன்னம் வேண்டுமா பிரபை வளைவு வேண்டுமா, எத்தனை முகம், எவ்வளவு எடை, எண்ணெய் கசியுமா, புளி போட்டுத் தேய்க்கலாமா, பெண்ணுக்குச் சீர் கொடுக்க இந்த உயரம் போதுமா என்று பத்துக் கேள்வி வரும். இந்த ஆள் இரண்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். இரண்டிலும் ஒரே கேள்வி: எப்போது அனுப்புவீர்கள்? முப்பது வருடம் கடையில் உட்கார்ந்த அப்பா எதிரே நின்று இப்படி ஒருவர் கேட்டிருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பார். திரையில் வந்ததால் நான் அவரிடம் காட்டவில்லை. இப்போது வெளிநாட்டு ஆர்டர் எதுவாக இருந்தாலும் அப்பாவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பத்தரிடம் சொல்கிறேன்.

அதற்குப் பிறகும் இரண்டு சார்ஜ்பேக் வந்தன. இரண்டிலும் மோசடி இல்லை, இரண்டும் எங்கள் வீட்டுப் பிழை.

ஒன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த குடும்பம். கடைக்கே வந்து, பேரனின் ஆயுஷ்ஹோமத்துக்கு என்று 38,500 ரூபாய்க்கு வாங்கி, ஸ்வைப் மெஷினில் சிப் கார்டு போட்டுப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து 'எனக்குத் தெரியாத பரிவர்த்தனை' என்று தகராறு. அவருடைய வாட்ஸ்அப் எண் இருந்ததால் கூப்பிட்டேன். கடைப் பெயரைச் சொன்னதும், "அய்யய்யோ தம்பி, உங்க கடையா அது! ஸ்டேட்மெண்ட்ல வேற என்னமோ பேரு போட்டிருந்துச்சே" என்று பதறினார். தாத்தா காலத்து நிறுவனப் பெயரில்தான் மெஷின் வாங்கியிருந்தோம். பெயர்ப்பலகையில் ஒன்று, கார்டு பில்லில் இன்னொன்று. அந்தப் பெரியவர் அன்றைக்கே தன் வங்கிக்குக் கடிதம் எழுதி, நகலை எனக்கும் அனுப்பினார்.

எங்கள் பக்கம் சார்ஜ் சிலிப், அதாவது கார்டு போட்டதும் மெஷினில் வரும் சீட்டு, வேண்டும் என்றார்கள். கல்லாவுக்குக் கீழே தகரப் பெட்டியில் எல்லாச் சிலிப்பும் கட்டிப் போட்டு வைத்திருப்போம். அந்த மாதக் கட்டைப் பிரித்தால் பாதி வெள்ளைத் தாள். சூட்டில் அச்சு மங்கிப்போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 38 என்பது மட்டும் நிழல் போலத் தெரிந்தது. நல்லவேளையாக மெஷின் கொடுத்த வங்கியிடம் பதிவு இருந்தது, சிப் போட்டு ரகசிய எண் (PIN) அடித்ததும் அதில் தெரிந்தது. பணம் திரும்ப வந்தது, ஆனால் இரண்டு மாதம் முடங்கிக் கிடந்தது. இப்போது பெரிய தொகைச் சிலிப்பை அன்றைக்கே பில்லோடு வைத்துப் போனில் படம் எடுத்துவிடுகிறோம். பில்லில் வரும் பெயரையும் கடைப் பெயராக மாற்றிவிட்டோம், ஒரு விண்ணப்பம் கொடுத்தாலே நடக்கிற வேலை அது. உங்கள் கடை மெஷினில் நீங்களே உங்கள் கார்டில் ஒரு பத்து ரூபாய் போட்டு, ஸ்டேட்மெண்டில் என்ன பெயர் வருகிறது என்று ஒரு முறை பாருங்கள்.

இன்னொன்று இதைவிட வருத்தமானது. சென்னையில் ஒரு அம்மாவுக்கு அனுப்பிய விளக்கில் அன்னத்தின் கழுத்து ஒடிந்துவிட்டது. 14,800 ரூபாய். அவர் படம் அனுப்பினார், தவறு எங்கள் மேல்தான். கடையில் கணக்குப் பார்க்கும் தம்பி நல்ல எண்ணத்தில் உடனே யுபிஐயில் பணத்தைத் திருப்பிவிட்டான். ஆனால் அதற்கு முந்தைய நாளே அந்த அம்மாவின் மகன் கார்டு வங்கியில் புகார் போட்டிருந்தான். அந்த மின்னஞ்சல் போனது எங்கள் பழைய கணக்காளரின் முகவரிக்கு. அவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. 7 நாள் கடந்தது, பதில் இல்லை என்றால் தோல்வி. அந்த அம்மா கணக்கில் இரண்டு முறை 14,800 சேர்ந்திருந்தது. நான் போன் செய்து விவரம் சொன்னதும், பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு மறுநாளே ஒன்றைத் திருப்பி அனுப்பினார். எல்லோரும் அவரைப் போல இருப்பார்கள் என்று நம்பி வியாபாரம் செய்ய முடியாது.

கார்டில் வந்த பணத்தை அதே கார்டுக்குத்தான், கேட்வேயின் ரீஃபண்ட் பொத்தான் வழியாகத்தான் திருப்ப வேண்டும். அப்போதுதான் அது அதே பரிவர்த்தனையோடு சேர்ந்து பதிவாகும். பிறகு புகார் வந்தாலும் ஒரே வரியில் பதில் சொல்லலாம். வாடிக்கையாளர் அவசரம் என்று வற்புறுத்தினாலும், யுபிஐயிலோ ரொக்கமாகவோ கொடுக்காதீர்கள். இன்னொருவர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் நிச்சயம் கூடாது, திருட்டுக் கார்டில் வாங்கிப் பணமாக்குகிறவர்கள் கேட்பதே அதுதான். அதேபோல, சார்ஜ்பேக் வந்துவிட்ட பிறகு தனியாக ரீஃபண்டும் கொடுக்காதீர்கள். தவறு நம் மேல் என்றால் சார்ஜ்பேக்கை ஏற்றுக்கொண்டால் போதும், பணம் தானாகப் போய்ச் சேரும்.

இப்போது எங்கள் கடையில் நடக்கிற முறையைச் சொல்கிறேன். வெளிநாட்டுக் கார்டில் ஆர்டர் வந்தால், முதலில் கேட்வே பக்கத்தில் அந்தக் கூடுதல் சரிபார்ப்பு நடந்ததா என்று பார்ப்போம். நடந்திருந்தால் மோசடி வகைக்குப் பயம் குறைவு. நடக்கவில்லை, தொகை 15,000 ரூபாய்க்கு மேல் என்றால், பணத்தை எடுக்காமல், அவர் வங்கியின் ஒப்புதலோடு மட்டும் நிறுத்திவைக்கிறோம். இந்த வசதியைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, முதலில் தானாக எடுத்துக்கொள்ளும்படிதான் இருந்தது. தோல்வியான முயற்சிகள், பில் முகவரி, அனுப்பும் முகவரி பார்க்கிறோம். பிறகு ஒரு வீடியோ அழைப்பு, விளக்கைக் காட்டுகிறோம் என்று சொல்லித்தான். உண்மையான வாடிக்கையாளருக்கு அது மகிழ்ச்சியாகவே இருக்கிறது. பேச மறுத்தால் பணத்தை எடுக்காமல் அவர் கார்டுக்கே விடுவித்துவிடுகிறோம். அப்படி விட்டதில் ஓரிரண்டு நல்ல ஆர்டரும் போயிருக்கலாம், பரவாயில்லை.

பழைய வாடிக்கையாளர் என்றால் அவருடைய முந்தைய ஆர்டர் விவரத்தை அழிக்காமல் வைத்திருக்கிறோம். 2023 ஏப்ரலில் விசா ஒரு விதி கொண்டுவந்தது: அதே கார்டில் 120 நாளுக்கு முன்னால், ஒரு வருடத்துக்குள், தகராறு இல்லாமல் இரண்டு முறை வாங்கியிருந்து, கணினியின் இணைய (ஐபி) முகவரி போன்ற விவரங்களும் ஒத்துப்போனால், 'நான் வாங்கவில்லை' என்ற புகாருக்கு அதையே சாட்சியாகக் காட்டலாம். வருடா வருடம் கொலுவுக்கும் கார்த்திகைக்கும் வாங்குகிறவர்கள் எங்களுக்கு நிறைய. கார்டு எண்ணை மட்டும் நாம் எங்கும் எழுதி வைக்கக் கூடாது. 2022 அக்டோபரிலிருந்து கடைக்காரர்கள் கார்டு எண்ணைச் சேமிப்பதற்கே அனுமதி கிடையாது.

பதில் எழுதும்போது 14 பக்கம் அனுப்புவதில்லை. காரண எண்ணை மேலே எழுதி, அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு பக்கத்தில் பதில், பின்னால் அதற்கான இரண்டு மூன்று படம். தமிழில் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் என்றால் பக்கத்திலேயே ஆங்கில மொழிபெயர்ப்பு. பார்க்கிறவர் வெளிநாட்டு வங்கியில் எங்கோ இருப்பார், அவருக்கு 'அன்னம் வந்துடுச்சு தம்பி, ரொம்ப நல்லா இருக்கு' என்பது புரியாது. தகராறு மின்னஞ்சல் இப்போது எனக்கும் அப்பாவுக்கும் கடைத் தம்பிக்கும் மூன்று பேருக்கும் வருகிறது. செட்டில்மெண்டில் மாதம் ஒரு சிறு தொகையை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டு வைக்கிறோம், கார்த்திகை நேரத்தில் கை கட்டிப்போட்டது போல இன்னொரு முறை நிற்கக் கூடாது என்று.

போன மாதம் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு ஜோடி விளக்குக்கு ஆர்டர். சரிபார்ப்பு இல்லை, தொகை பெரிது. வீடியோவில் கூப்பிட்டோம். மன்னார்குடிக்காரப் பெண். அப்பாவிடம் அரை மணி நேரம் பேசினார், அன்னமா பிரபையா என்று மூன்று முறை மனதை மாற்றிக்கொண்டு கடைசியில் அன்னமே என்றார். பெட்டி போய்ச் சேர்ந்த அன்று, ஐந்து முகமும் ஏற்றி, பக்கத்தில் தானும் மாமியாருமாக நின்று ஒரு படம் அனுப்பினார். அப்பா அதைக் கடைப் பையனிடம் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் மாட்டச் சொன்னார். நான் அந்தப் படத்தை அவர் ஆர்டர் எண் போட்ட கோப்பிலும் ஒரு நகல் வைத்தேன், கூரியர் கையெழுத்துக்குப் பக்கத்தில்.